மருந்தும் ஒரு பொதுச் சொத்தே: கொல்லிமலையிலிருந்து ஒரு சிந்தனை



காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றுலா வருகிறவர்கள் அவற்றை ஆர்வத்தோடு எண்ணிக்கொண்டே மேலேறுகிறார்கள். மலையில் வாழும் மக்களுக்கு அதே வளைவுகள் வேறு கணக்கு. நள்ளிரவில் மூச்சுத் திணறும் குழந்தையோடு கீழே இறங்க வேண்டிய தாய்க்கு, ஒவ்வொரு வளைவும் கையை விட்டுப் போகும் நேரம். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நிலைமை மோசமாகிவிட்டால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கித்தான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில், முதலில் கொடுக்கப்படும் மருந்து பலித்தாக வேண்டும். நகரத்தில் ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் மறுநாள் இரத்தப் பரிசோதனை செய்யலாம், வேறு மருந்து மாற்றலாம், பெரிய மருத்துவமனையில் சேர்க்கலாம். மலைக்கு அந்த மறுநாள் கிடைப்பது அரிது. ஆகவே நோய்க்கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகின்றன என்ற செய்தி வரும்போது, அது பெரிய மருத்துவமனைகளைப் பற்றிய செய்தி மட்டும் அல்ல. மலையில் இருக்கிறவர்களை முதலில் தாக்கப்போகும் செய்தி அது.

2025 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை அந்தச் செய்தியைத் தெளிவாகச் சொன்னது. 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரிசோதனையில் உறுதியான பாக்டீரியா தொற்றுகளில் 6-இல் 1 வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியில் இது 3-இல் 1 ஆக இருந்தது. அடுத்த மாதமே, 2025 நவம்பர் 18-இல், நம் நடுவண் அரசு 2025 முதல் 2029 வரைக்கான இரண்டாவது தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அறிக்கைகளும் திட்டங்களும் நல்லவைதான். ஆனால் இந்தப் பிரச்சினையில் நமக்கு, அதாவது மருத்துவர்களாக இல்லாத சாதாரண பங்கு மக்களுக்கு, என்ன பொறுப்பு இருக்கிறது? அதையே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

கிருமி எப்படி மருந்தை வெல்கிறது?

ஆன்டிபயாடிக் என்று நாம் சொல்லும் மருந்துகள் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களைக் கொல்பவை, அல்லது அவை பெருகாமல் தடுப்பவை. வைரசால் வரும் சளி, சாதாரண ஃப்ளூ காய்ச்சல், டெங்கு போன்றவற்றின் மீது இவற்றுக்கு எந்த வலிமையும் இல்லை.

நம் உடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டு, இயற்கையாக நிகழும் மாற்றத்தால், ஒரு மருந்தைத் தாங்கும் திறன் பெற்றிருக்கலாம். அந்த மருந்தை நாம் உட்கொள்ளும்போது மற்றவை அழிகின்றன. தாங்கும் திறன் உள்ளவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. அத்துடன் நிற்பதும் இல்லை. அந்தத் திறனைத் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனத்து பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிட முடியும். கை வழியாக, தண்ணீர் வழியாக, கழிவு வழியாக அது அடுத்த மனிதரைச் சேர்கிறது. தேவையில்லாமல் ஒருவர் விழுங்கிய மாத்திரைக்கு, ஒருபோதும் அந்த மாத்திரையைத் தொடாத இன்னொருவர் விலை கொடுக்க நேர்கிறது.

பெரும்பாலான மற்ற மருந்துகளுக்கு இந்தத் தன்மை இல்லை. நாம் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதால் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை பலமிழப்பதில்லை. ஆன்டிபயாடிக் ஊர்ப் பொதுச் சுனையைப் போன்றது. மலைக் கிராமத்தில் சுனை யாருக்கும் தனியுரிமை அல்ல. அதில் ஒருவர் காலைக் கழுவினால் ஊர் முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

மருந்தே இல்லாத காலத்துக் கொல்லிமலை

சுனையும் கிணறும் வெறும் உவமை அல்ல. கொல்லிமலையின் வரலாற்றிலேயே அதற்கு இடம் உண்டு. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஆங்கிலேய மறைப்பணியாளர் ஜெஸ்ஸி பிராண்ட், 1913-இல் தம் மனைவி எவ்லினோடு இம்மலைக்குக் குடிவந்தார். அப்போது சாலை கிடையாது. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர். வெப்ப நாடுகளின் நோய்களைப் பற்றிச் சிறிது பயிற்சி பெற்றிருந்தார். வாழவந்தியை மையமாகக் கொண்டு கிராமம் கிராமமாக நடந்து, புண்களைக் கழுவிக் கட்டினார்; காய்ச்சல்காரர்களைக் கவனித்தார். 1929-இல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்திருந்தார். அது மருந்தாக மக்கள் கைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அந்தக் காலத்தில் மலைமக்களை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் கட்டி, அது உடைந்து, அதிலிருந்து நூல் போன்ற நீண்ட புழு வெளிவரும். அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில், அறுந்துவிடாமல் எடுக்க வேண்டும். அறுந்தால் புண் சீழ்பிடிக்கும். நோயாளி எரிச்சல் தாங்காமல் குளத்திலோ படிக்கிணற்றிலோ காலை வைப்பார். புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அவற்றை விழுங்கிய சிறு நீர்ப்பூச்சிகள் குடிநீரோடு அடுத்தவர் வயிற்றுக்குள் போகும்.

இந்த நோய்க்கு அன்றும் மருந்து இல்லை. இன்றும் மருந்தோ தடுப்பூசியோ இல்லை. ஆனால் வழி இருந்தது. யாரும் கால் வைத்து இறங்க முடியாதபடி கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது. பிராண்ட் தம்பதியர் கொல்லிமலையில் சலிக்காமல் சொல்லிவந்ததும் செய்துவந்ததும் இதுதான். முதுமையில் திரும்பவும் மலைக்கு வந்து 1974-இல் இறக்கும்வரை எவ்லின் அம்மையார் அந்தப் பணியைத் தொடர்ந்தார். நாடு முழுவதும் இதே எளிய வழிகள் கடைப்பிடிக்கப்பட்டன. 1996-இல் இந்தியாவின் கடைசி நோயாளி பதிவானார். 2000-ஆம் ஆண்டில் நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று உலக நலவாழ்வு நிறுவனம் நமக்குச் சான்று அளித்தது.

ஒரு மாத்திரைகூட இல்லாமல் ஒரு நோயை நாட்டைவிட்டே நம்மால் ஓட்ட முடிந்திருக்கிறது. தொற்று வந்தபின் மருந்து தேடுவதைவிட, தொற்று வராமல் காப்பது எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஒரே மருந்தை நம்பியதன் விளைவு

அந்தத் தம்பதியரின் மகன் பால் பிராண்ட். 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டவர். 1946-இல் மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பிவந்தார். தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, அவர்கள் மீண்டும் உழைத்து வாழ வழி செய்தவர் என்று உலகம் அவரை அறியும். தொழுநோயாளர் கை கால்களை இழப்பதற்கு முதன்மைக் காரணம் வலி உணர்வு போய்விடுவதே என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

அவர் உழைத்த அதே காலத்தில் தொழுநோய்க்கு முதன்முறையாக ஒரு நல்ல மருந்து கிடைத்திருந்தது. அதன் பெயர் டாப்சோன். விலை மலிவு, மாத்திரையாகவே விழுங்கலாம். 1940-களின் பிற்பகுதி தொடங்கி உலகெங்கும் அதுவே பயன்பட்டது. ஆண்டுக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும், அந்த ஒரே மருந்து. இடையில் நிறுத்தியவர்களும் உண்டு; விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களும் உண்டு. 1964-இல் மலேசியாவின் சுங்கை பூலோ தொழுநோய் இல்லத்தில், டாப்சோனுக்குக் கட்டுப்படாத தொழுநோய்க் கிருமி இருப்பது அறிவியல் முறையில் உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் பல நாடுகளிலிருந்தும் அதே செய்தி வந்தது. கிடைத்த ஒரே ஆயுதம் கைநழுவும் நிலை.

தீர்வு 1981-இல் வந்தது. ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது. ஒன்றிலிருந்து தப்பும் கிருமியை மற்றொன்று கொல்லும். குறிப்பிட்ட மாதங்களில் சிகிச்சை முடிந்துவிடும். மருந்து இலவசமாகவும் கிடைத்தது. 2005 டிசம்பரில், தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொழுநோய் குறைந்துவிட்டதாக இந்தியா அறிவிக்க முடிந்தது.

காசநோயும் இதே பாடத்தைக் கற்பித்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் ஏழை நோயாளிகளும், மருத்துவ இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு இணையாகக் குணமடைய முடியும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. ஒரே நிபந்தனை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்பது. பக்கத்தில் நின்று மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் செய்யும் முறைக்கு வேர் இந்தச் சென்னை ஆய்வில்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து எழுந்த எச்சரிக்கை

2010 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. மிக வலிமையான ஆன்டிபயாடிக் வகைகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள், சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் காணப்பட்டதாக அக்கட்டுரை சொன்னது. இதற்குப் புதுதில்லியின் பெயரைச் சூட்டியதே அன்று பெரிய சர்ச்சை ஆயிற்று. இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றும் பேசப்பட்டது. மறு ஆண்டு, தில்லியில் எடுக்கப்பட்ட 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-இலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும் அதே மரபணு இருந்ததாக இன்னோர் ஆய்வு காட்டியது. அதாவது, கிருமி மருத்துவமனைச் சுவரைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தது.

சர்ச்சையோடு நின்றுவிடாமல் செயலில் இறங்கியவர்களும் இருந்தார்கள். 2012 ஆகஸ்டு 24-இல் நாட்டின் பல மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி ஒரு திட்டம் வகுத்தனர். தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அது ‘சென்னைப் பிரகடனம்’ என்று பெயர் பெற்றது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தடைசெய்யும் கடும் சட்டத்தை அது கேட்கவில்லை. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கவே கூடாது என்று சட்டம் போட்டால், மருத்துவரே இல்லாத கிராமங்களில் மக்கள் என்ன செய்வார்கள்? ஆகவே, முதலில் கடைசிக்கட்ட மருந்துகளையாவது கட்டுப்படுத்துவோம், ஒவ்வொரு மருத்துவமனையிலும் தொற்றுத் தடுப்புக் குழு அமைப்போம் என்று, நடைமுறையில் செய்யக்கூடியதைக் கேட்டார்கள். கொல்லிமலை போன்ற இடங்களை மனத்தில் வைத்துப் பார்த்தால், அந்த அணுகுமுறையின் அருமை நமக்குப் புரியும்.

2013-இல் எச்-1 என்ற புதிய மருந்துப் பட்டியல் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது, எழுதிக்கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2016-இல் ‘சிவப்புக் கோடு’ விழிப்புணர்வு தொடங்கியது. மாத்திரை அட்டையின் பின்புறம் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்பது பொருள். அந்தக் கோட்டை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

மலையடிவாரத்துப் பண்ணைகள்

கொல்லிமலையிலிருந்து கீழே பார்த்தால் தெரிவது நாமக்கல் சமவெளி. தமிழகத்தின் முட்டைத் தலைநகரம் அது. கோழிகளுக்கும் நோய் வரும், அவற்றுக்கும் மருந்து தேவை என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் கோழி வளர்ப்பில் நோய் வராமலிருக்கவும், வேகமாக எடை கூடவும் தீவனத்தோடு ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கும் வழக்கம் பரவியிருந்தது. அப்படிக் கலக்கப்பட்டவற்றுள் ஒன்று கொலிஸ்டின். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அதுதான். அந்த மருந்தைக் கோழிக்கு அன்றாடம் கொடுத்து வந்தோம்.

2019 ஜூலையில் நடுவண் அரசு, உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகள், கோழிகள், மீன்கள் ஆகியவற்றுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது. சரியான முடிவு. ஆயினும் பண்ணையாளர்களை மட்டும் குற்றம்சாட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. முட்டையும் இறைச்சியும் மலிவாக வேண்டும் என்று கேட்பது நாம்தான். சுத்தமான கொட்டகை, தடுப்பூசி, நெருக்கமில்லாத வளர்ப்பு ஆகியவை மருந்தின் தேவையைக் குறைக்கும். அவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவில் நமக்கும் பங்கு உண்டு என்று ஏற்க வேண்டும்.

ஓரிடத்தில் மிகை, ஓரிடத்தில் குறை

இவ்வளவும் சொன்னபின் ஒரு தவறான முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. ஆன்டிபயாடிக் நம் பகை அல்ல. தேவையான நேரத்தில் அது கிடைக்காமல் இறப்பவர்களும் ஏராளம்.

உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ் ஓர் எடுத்துக்காட்டு. புதர்களிலும் வயலோரங்களிலும் வாழும் மிகச் சிறிய உண்ணிகளின் கடியால் வருவது. தமிழகத்தின் பல மாவட்டங்களில் காணப்படுகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த தழும்பு இருக்கும். அது தெரியாமலும் போகலாம். காலம் தாழ்த்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகி உயிரே போகும். ஆனால் டாக்சிசைக்கிளின் என்னும் பழைய, மலிவான மாத்திரை உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டால் பெரும்பாலானோர் விரைவில் தேறுகிறார்கள். கடுமையான நிலையில் இருப்பவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருவதாக, வேலூர் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

இதே அசித்ரோமைசினை 2020, 2021 கொரோனா காலத்தில் நாம் என்ன செய்தோம்? இருமல் வந்தவரெல்லாம் 3 நாள், 5 நாள் என்று வாங்கி விழுங்கினோம். கொரோனா ஒரு வைரஸ். அந்த மருந்தால் கொரோனாவுக்குப் பயனில்லை என்று பெரிய ஆய்வுகள் 2021-லேயே தெளிவாக்கிவிட்டன. சமவெளியில் வீணாக விழுங்கிய மாத்திரைதான், புதர்க்காட்டில் வேலை செய்து காய்ச்சலோடு வரும் ஏழைக் கூலித் தொழிலாளியின் உயிரைக் காக்கும் மாத்திரையும்.

ஆகவே இதை அறிவியல் பிரச்சினை என்று மட்டும் சொல்ல முடியாது, நீதியின் பிரச்சினையும்கூட. 2019-இல் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12.7 இலட்சம் பேர் என்று 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வேறு காரணங்களோடு சேர்ந்து அவை பங்கு வகித்த இறப்புகளையும் கணக்கிட்டால் 49.5 இலட்சம். பாதிப்பு மிகுதியாக இருப்பது ஏழை நாடுகளில்தான். மிகையாகப் பயன்படுத்துவோர் ஓரிடத்தில், அதன் விளைவைச் சுமப்போர் இன்னோர் இடத்தில் என்ற அநீதி இங்கும் நடக்கிறது.

கைகளில் தொடங்கும் மருத்துவம்

மருந்தின் தேவையைக் குறைக்க முதல் வழி, தொற்றைத் தடுப்பது. மருத்துவமனையிலேயே நோய் தொற்றிக்கொண்டு வருவது எவ்வளவு கொடுமை! 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் இதுதான் நடந்தது. பிணக்கூறு ஆய்வு செய்த கையோடு மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்க்க வந்தார்கள். 1846-இல் அங்கு 100 தாய்மாரில் 11 பேர் இறந்தனர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-இல், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே தாய்மாரைத் தொட வேண்டும் என்று கட்டளையிட்டார். 1848-இல் இறப்பு 100-க்கு 2-க்கும் கீழே இறங்கியது. ஆனாலும் மருத்துவர்களின் கை அழுக்காக இருக்கும் என்பதை ஏற்க அன்றைய பெரியவர்களுக்கு மனம் வரவில்லை.

இன்று எல்லா மருத்துவமனைகளிலும் கை கழுவும் முறைப் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடிகள். ஆல்கஹால் கரைசல் தேய்க்க 20 முதல் 30 நொடிகள். நோயாளியைத் தொடுமுன், தொட்டபின், ஊசி, குழாய் போன்ற தூய்மை தேவைப்படும் வேலைக்கு முன், இரத்தம், சளி போன்றவை பட்டபின், நோயாளியின் கட்டில், சாமான்களைத் தொட்டபின் என 5 வேளைகள் வகுக்கப்பட்டுள்ளன. பயன்படுத்திய ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும், இரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணிகளை மஞ்சள் பையிலும், சலைன் குழாய் போன்ற பிளாஸ்டிக் கழிவை சிவப்புப் பையிலும், கண்ணாடிக் குப்பிகளை நீலப் பெட்டியிலும் போட வேண்டும் என்று 2016-இன் விதிகள் சொல்கின்றன. தண்ணீர் வராத குழாயும், சோப்பு இல்லாத கழுவுதொட்டியும் உள்ள இடத்தில் இந்தப் படங்களால் பயன் இல்லை. மலையிலுள்ள ஒரு சிறு மருத்துவ நிலையத்துக்கு நாள் முழுவதும் ஓடும் தண்ணீர் என்பது விலையுயர்ந்த கருவிகளைவிட முதன்மையான மருத்துவ உபகரணம். நன்கொடை கொடுக்க விரும்புவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

செவிலியர் மட்டும் கைகழுவினால் போதாது. நோயாளிகளைச் சந்திப்பது நம் பங்குகளில் வேரூன்றிய நல்ல பழக்கம். வின்சென்ட் தே பவுல் சபையினரும், மரியாயின் சேனையினரும், அன்பிய உறுப்பினர்களும் இதைத் தவறாமல் செய்கிறார்கள். ஆனால் எப்படிச் செய்கிறோம்? பத்துப் பேராகப் போய்க் கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறோம். கட்டிலிலேயே உட்காருகிறோம். ஒரு நோயாளியின் கையைப் பிடித்த கையோடு அடுத்த கட்டில் நோயாளியின் நெற்றியைத் தொடுகிறோம். கைக்குழந்தையையும் தூக்கிச் செல்கிறோம். அன்போடு போகும் நாமே அறியாமல் கிருமியை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குச் சுமக்கிறோம். இருவராகப் போய், கை கழுவிவிட்டு அருகில் செல்வதும், திரும்பும்போது மீண்டும் கழுவுவதும் நம் அன்பைக் குறைத்துவிடாது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை அரசும் மருத்துவர்களும் பார்க்கட்டும். நம் வீட்டிலும் பங்கிலும் நாம் தொடங்கக் கூடியவை சில உண்டு.

ஒன்று. காய்ச்சல் என்றதும் மெடிக்கலில் போய் ‘செட் மாத்திரை’ கேட்கும் பழக்கத்தை விடுவோம். அந்தப் பொட்டலத்தில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

இரண்டு. மருத்துவரிடம் போனால், ஊசி போடுங்கள், பவரான மாத்திரை எழுதுங்கள் என்று வற்புறுத்தாதிருப்போம். நோயாளி கேட்கிறாரே என்பதற்காக எழுதித்தரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ‘இது ஆன்டிபயாடிக்கா, இது இல்லாமல் சரியாகுமா?’ என்று மரியாதையோடு கேட்பது நம் உரிமை. ‘இப்போது மருந்து வேண்டாம், 2 நாள் பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லும் மருத்துவரைக் கைராசி இல்லாதவர் என்று ஒதுக்காமல் இருப்போம்.

மூன்று. மருத்துவர் எழுதிக்கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன வேளையில், சொன்ன நாள்வரை சாப்பிடுவோம். காய்ச்சல் விட்டதும் நாமாக நிறுத்துவதும் வேண்டாம்; சொன்ன நாளுக்கு மேல் நாமாக நீட்டிப்பதும் வேண்டாம். மிஞ்சியதை அடுத்த முறைக்கு எடுத்துவைப்பதும், பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் கூடாது.

நான்கு. பங்குகளில் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களைக் கவனத்தோடு நடத்துவோம். பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளையொட்டி இவை மிகுதியாக நடக்கின்றன. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று 2 நாளுக்கு 4 ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்து அனுப்புவதால் நன்மையைவிடத் தீமையே அதிகம். தேவைப்படுவோருக்கு முழு அளவும் கொடுப்போம். தேவைப்படாதோருக்கு விளக்கம் கொடுப்போம். மலைக் கிராமங்களுக்குப் போகும் முகாம்களில் இது இன்னும் முக்கியம். ஏனெனில், அதன்பின் தொடர்ந்து கவனிக்க அங்கு யாரும் வரப்போவதில்லை.

ஐந்து. தடுப்பூசிகளைத் தவறவிடாமல் குழந்தைகளுக்குப் போடச் செய்வோம். நிமோனியாவையும், வயிற்றுப்போக்கையும் தடுக்கும் ஒவ்வொரு தடுப்பூசியும் நாளைய ஓர் ஆன்டிபயாடிக்கை மிச்சப்படுத்துகிறது. குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இதே வரிசையில் வருபவை.

ஆறு. நம் பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் கை கழுவுவதையும், சிவப்புக் கோட்டின் பொருளையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். பெரியவர்கள் மறந்தாலும் பிள்ளைகள் வீட்டில் வந்து நினைவூட்டுவார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை கடைப்பிடிக்கப்படும் விழிப்புணர்வு வாரம் இதற்கு நல்ல தருணம்.

அன்புக்குரியவர்களே, பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நொபெல் பரிசு பெற்றபோதே, இம்மருந்தைக் குறைந்த அளவில், கவனமின்றிப் பயன்படுத்தினால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். நாம் 80 ஆண்டுகளாக அந்த எச்சரிக்கையைக் கேட்டும் கேளாதவர்களாக இருந்துவிட்டோம். இப்போதைய போக்கு மாறாவிட்டால் 2025 முதல் 2050-க்குள் 3.9 கோடிப் பேர் இதனால் நேரடியாக இறக்கக்கூடும் என்று 2024-இல் வெளிவந்த கணிப்பு சொல்கிறது. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுப்பேரவையில் கூடிய நாடுகள், இந்த இறப்புகளை 2030-க்குள் 10 விழுக்காடு குறைப்போம் என்று உறுதி எடுத்துள்ளன.

கொல்லிமலையில் ஏறக்குறைய 40,000 மக்கள் வாழ்கிறார்கள். மிளகும், பலாவும், சாமையும், தேனும் அவர்கள் நமக்கு அனுப்புகிறார்கள். நாம் அவர்களுக்கு அனுப்பக்கூடிய கொடைகளில் ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. செம்மேட்டில் ஒரு குழந்தைக்கு நள்ளிரவில் முதல் மருந்து கொடுக்கப்படும்போது, அது பலிக்கும் மருந்தாக இருக்க வேண்டும். அந்தப் பலம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மலைக்குக் கீழே இருக்கும் நம் வீட்டு அலமாரியிலும், நம் ஊர் மருந்துக் கடையிலும், நம் கைகளிலும் இருக்கிறது. பொதுச் சுனையைக் காப்பதுபோல் இதையும் காப்போம். இன்றே, நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.